சேற்றுப் பாத்தியை மூடிய நாள்

புதிதாய் இந்த வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளுக்கு,

என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவும் எனக்குக் கூச்சம். உங்கள் ஆஸ்பத்திரி விழாவில் மைக்கைக் கையில் கொடுத்தீர்கள். "எல்லாருக்கும் வணக்கம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பேசாமல் வந்ததை எழுதியாவது அனுப்பலாம் என்று உட்கார்ந்தால் ஒன்று முன்னே வருகிறது, ஒன்று பின்னே போகிறது. பெயர்கள் மறந்துவிட்டன. பொறுத்துக்கொண்டு படியுங்கள். கோபத்தோடு எழுதுகிறேன், அதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோபம் எதற்கு என்றால், அன்றைக்கு உங்கள் வாசலில் வரிசையாய்ச் சாமந்தித் தொட்டி வைத்திருந்தீர்கள். தொட்டிக்கு ஒரு குழந்தையின் பெயர் எழுதி அட்டை குத்தியிருந்தது. படம் பிடிக்கிறவர் வந்து அந்தக் குழந்தைகளைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார். நான் கை கழுவக் கொல்லைப்பக்கம் போனேன். அங்கே சுவரோரம் சாக்கைப் போட்டு மூடி, குழந்தைகள் தங்கள் கையால் வைத்த செடிகள் கிடந்தன. உடைந்த வாளியில் ஒரு தக்காளி, டப்பாவில் இரண்டு கொத்தமல்லித் தண்டு. அங்கே நின்ற பெண்ணைக் கேட்டேன். "அதெல்லாம் சரியா வரலைம்மா, ஃபோட்டோவுல அசிங்கமா இருக்கும்" என்றாள். நல்ல பெண். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதத்தான் நினைத்தேன். எழுத வரவில்லை. ஏனென்றால் இதே காரியத்தை நான் ஒருமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் ஒருத்தியின் குழந்தையே அவள் கையைவிட்டுப் போக இருந்தது. அதைச் சொல்கிறேன்.

பெரிய யுத்தம் முடிந்தும் முடியாத சமயம். அரிசிக்கு ரேஷன். திருத்தணியில் மலைக்குக் கீழே, ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் கொஞ்சம் உள்ளே தள்ளி, கை கால் விழுந்தவர்களுக்கென்று ஒரு தர்ம விடுதி இருந்தது. பெரியவர்களும் இருப்பார்கள், இளம்பிள்ளை வாதம் வந்த குழந்தைகளும் இருப்பார்கள். நான் அங்கே ஆயாவாகச் சேர்ந்தேன். வாரத்துக்கு ஒரு தரம், சனிக்கிழமை, மெட்ராஸிலிருந்து ரயிலில் ஒரு டாக்டரம்மா வருவார். நீங்கள் இப்போது ஆக்குபேஷனல் தெரபி என்று வாய் நிறையச் சொல்கிறீர்களே, அதை அந்தம்மாதான் அங்கே தொடங்கினார். எங்களுக்கு அதன் பெயர் தோட்டத்து வேலை, அவ்வளவுதான். விடுதிக்குப் பின்னால் கிணறும் கொஞ்சம் மண்ணும் இருந்தன. ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்தி. யாருக்கு எந்த விரல் வரவில்லையோ அதற்குத் தகுந்த வேலை.

டாக்டரம்மா எனக்குச் சொன்ன சட்டம் ஒன்றே ஒன்றுதான். "அவங்க வெச்சத நீ சரி பண்ணாத. கோணலா இருந்தா கோணலாவே இருக்கட்டும். செத்துப்போனா செத்ததையும் அவங்களே எடுக்கட்டும்." எனக்கு அது அப்போது விசித்திரமாக இருந்தது. சாய்ந்த செடியைப் பார்த்தால் நிமிர்த்தத்தானே கை போகும்? போகும். கையை இழுத்து வைத்துக்கொள்ளப் பழகினேன். இந்த வேலையில் முக்கால்வாசி அந்தப் பழக்கம்தான்.

அங்கே வந்தவள் கன்னியம்மா. கனகம்மாசத்திரத்துக்குப் பக்கத்து ஊர். கழனி வேலைக்குப் போகிற குடும்பம். பிரசவமான கையோடு அவளுக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது. கால் ஓரளவு திரும்பிவிட்டது, இழுத்து இழுத்து நடப்பாள். கை திரும்பவில்லை. முந்தானைக்குள் மறைத்து வைத்துக்கொள்வாள். குழந்தை மாமியாரிடம் இருந்தது. அந்த மாமியார் கொண்டுவந்து விட்டபோதே எங்கள் எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டுப் போனாள்.

"ஆடு மாடு வெச்சிகினு பொழைக்கிற வூடு இல்ல இது. நாத்து நட்டாதான் சோறு. ஆடிக் கிருத்திகைக்கு வருவேன். கை வந்திருந்தா எங்கூட வா. வரலைன்னா உங்கம்மா வூட்டுக்குப் போயிடு. கொழந்த எங்ககிட்ட இருக்கட்டும். எம்புள்ளைக்கு வேற பொண்ணு பாத்துக்கறேன்."

கொடுமைக்காரி என்று நினைக்காதீர்கள். நானும் அப்படித்தான் முதலில் நினைத்தேன். அவளும் முதுகு வளைய நட்டவள், அவளுக்குத் தெரிந்த கணக்கு அது.

டாக்டரம்மா கன்னியம்மாவிடம் கத்தரி வைக்கிறாயா, கீரை விதைக்கிறாயா என்று கேட்டுப் பார்த்தார். அவள் எதற்கும் தலை நிமிரவில்லை. கடைசியில், "நீ இன்னா வேலைல கெட்டிக்காரி?" என்றார். அதற்கு மட்டும் பதில் வந்தது. "நடவுங்க. எங்க ஊர்ல எனக்கு முன்னாடி நட்டு முடிச்சி ஒருத்தி வரப்பு ஏற மாட்டா."

அடுத்த சனிக்கிழமைக்குள் கிணற்றடியில் தண்ணீர் வழிந்து போகிற இடத்தில் ஒரு பாய் அகலத்துக்கு மண்ணைக் குழைத்துச் சேற்றுப் பாத்தி போட்டுவிட்டோம். பக்கத்துக் கழனியில் கொஞ்சம் நெல் நாற்று கேட்டு வாங்கி வந்தேன். கன்னியம்மாவைப் பலகையில் உட்காரவைத்து, வலது முழங்கையை முட்டியின் மேல் தாங்கலாக வைத்துக் கொடுப்பேன். அந்தரத்தில் தூக்கினால் செத்த கோழிக் கழுத்துபோல் தொங்குகிற கை, சேற்றுக்குள் போனதும் ஏதோ தேடும். சேறு எதிர்த்து நிற்காது, இடம் கொடுக்கும். அதுதான் காரணம் என்று டாக்டரம்மா சொன்னார்.

முதலில் வைத்ததெல்லாம் படுத்துக்கொண்டது. கிணற்றுப் பக்கம் பார்த்தால் சாய்ந்தும் மிதந்தும் அலங்கோலமாக இருக்கும். அதற்கு அடுத்து வைத்தது கொஞ்சம் நின்றது. வேலிப் பக்கம் போகப் போக நேராக நின்று பச்சை பிடித்திருந்தது. கட்டைவிரல் நாற்றின் அடியைப் பிடித்து இறக்குவதை என் கண்ணால் பார்த்தேன். அந்தப் பாத்தியை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பார்த்தாலே ஒரு கை எப்படித் திரும்பி வருகிறது என்று தெரிந்துவிடும். நட்டுப் பழகினவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"எங்கத்த வரட்டும்க்கா" என்பாள் கன்னியம்மா. "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இத்த காட்டுவேன். அதுவே பாத்துக்கும்."

விடுதிக்கு ஒரு மேனேஜர். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாது. அந்தப் பாத்தியைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "இன்னாம்மா இது, எருமை கட்டுற எடம் மாதிரி!" என்பார். கொசு வரும் என்பார். ஆடிக் கிருத்திகைக்குத்தான் ஊரே மலையேற வருமே, அந்த வருடம் அப்படி வருகிறவர்களில் மெட்ராஸ் பெரிய வீட்டு அம்மாள் ஒருவரும் இருந்தார். சாமி பார்த்துவிட்டு விடுதியையும் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். விடுதிக்கு ஒரு கூடம் கட்டித் தருவார் என்று பேச்சு.

கிருத்திகைக்கு முதல் நாள், எல்லாரும் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்த மத்தியான வேளை. துணி உலர்த்தப் பின்னால் போனேன். இரண்டு கூலியாட்கள் சேற்றுப் பாத்தியில் செம்மண்ணைக் கொட்டி மிதித்துக்கொண்டிருந்தார்கள். மேலே வரிசையாய்ச் சாமந்தி, கோழிக்கொண்டை. எங்கிருந்தோ மாட்டு வண்டியில் பூத்த செடியாகவே வந்திருந்தது. நாற்றைக் காணோம். குழந்தைகளின் பாத்திகளும் அப்படித்தான். சரசு என்று ஒரு பெண், கால் சூம்பியவள், ஏழெட்டு வயது இருக்கும். அவள் தவழ்ந்து போய்த் தவழ்ந்து போய்த் தண்ணீர் ஊற்றிய வெண்டைச் செடி இருந்த இடத்தில் ஒரு பெரிய ரோஜா நின்றது.

"ஐயா, இதைத் தொடக்கூடாதுன்னு டாக்டரம்மா..." என்றேன்.

"டாக்டரம்மா சனிக்கிழம வருவாங்க. நாளைக்கு வரவங்க யாருன்னு தெரியுமா உனக்கு?"

"கன்னியம்மா மாமியார் நாளைக்குத்தான் வருதுங்க. அந்த நாத்தைக் காட்டணும்னு..."

"மாமியாருக்கும் இதையே காட்டு. பூத்துக் குலுங்குது பாரு. உன் மூணு புல்லுக்கு இது எவ்ளோ மேல். போம்மா, போய் வேலையப் பாரு."

மூணு புல்! திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். அவர் நல்லது செய்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு சிரித்தார்.

மறுநாள் காலை கன்னியம்மா பின்னால் வந்தாள். அழவில்லை. "என் நாத்து எங்கக்கா?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். கையை முந்தானைக்குள் எடுத்து வைத்துக்கொண்டாள். சரசு ரோஜாவைப் பார்த்து முதலில் சந்தோஷப்பட்டாள். நான் வழக்கம்போல் சொம்பை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. "அதான் தானாவே பெர்சா ஆயிடுச்சே ஆயா, நான் எதுக்கு ஊத்தணும்?" என்றாள். கொஞ்சம் யோசித்து, "எங்க நைனா வந்தா என்னைத் தூக்கிகினே போவட்டும்" என்றாள். அதற்குப் பிறகு பல நாள் அவள் தவழ்ந்து வரவே இல்லை. எத்தனை பாடுபட்டு அந்தப் பெண்ணைத் தரையில் இறக்கினோம்! ஒரு ரோஜாச்செடி அதைக் கெடுத்தது. பிள்ளைகளே, உங்கள் சாமந்தித் தொட்டியைப் பார்த்து அந்தக் குழந்தைகள் என்ன நினைத்திருக்கும்? யாராவது கேட்டீர்களா?

பெரிய வீட்டு அம்மாள், பின்பக்கம் கரி அடுப்பு கட்டிய காரில் வந்தார். அப்போது பெட்ரோல் கிடைக்காது, கரிவாயுவில்தான் கார் ஓடும். நெற்றியில் விபூதி, கையில் மலைப் பிரசாதம். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எல்லாருக்கும் சாத்துக்குடி கொடுத்தார். மேனேஜர் சாமந்தி வரிசையைக் காட்டி, "எல்லாம் இவங்க கையால வெச்சது" என்றார். அம்மாள் கன்னியம்மாவின் கன்னத்தைத் தட்டி, "நீ வெச்சதா? எவ்வளவு அழகு!" என்றார்.

"இல்லீங்கம்மா. நான் வெச்சது நெல்லு. புடுங்கிப் போட்டுட்டாங்க" என்றாள் கன்னியம்மா.

"நெல்லா? தோட்டத்துலயா?" அம்மாள் சிரித்தார். "வெக்கப்படுறாம்மா" என்று மேனேஜரும் சிரித்தார். கூட்டம் அடுத்த வரிசைக்குப் போய்விட்டது.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு கொல்லை வாசலில் மாமியார் நின்றிருந்தாள். இடுப்பில் குழந்தை. அது கன்னியம்மாவைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அடையாளம் தெரியவில்லை.

"இன்னாடி, பூச்செடி வெச்சியாமே?"

"இல்லத்த. நாத்து."

"எங்க?"

கன்னியம்மா சாமந்தியைக் காட்டினாள். வேறு எதைக் காட்டுவாள்?

மாமியார் குனிந்து ஒரு செடியின் அடி மண்ணை விரலால் கிளறினாள். "நேத்து வந்து எறங்கின செடி. இதுக்கு இன்னும் வேரு புடிக்கல. என்னை இன்னா கூமுட்டைன்னு நெனச்சிகினீங்களா எல்லாரும்? சரி, கையக் காட்டு."

கன்னியம்மா கையை வெளியே எடுத்து நீட்டினாள். அந்தரத்தில் அது தொங்கியது. விரல்கள் மடங்கியே இருந்தன. நான் சொன்னேனே, காற்றில் அந்தக் கைக்கு வேலை தெரியாது.

"ஆங். இவ்ளோதான" என்றாள் மாமியார். குரலில் கோபம்கூட இல்லை. "ரெண்டு மாசமா இவங்களும் பொய்யி, நீயும் பொய்யி. துணிய எடுத்துக்க. உங்க அண்ணன வரச் சொல்லியிருந்தேன், சந்தை மேட்டாண்ட நிக்கிறான், அவங்கூடப் போ."

இங்கேதான் நீங்கள் நின்று யோசிக்க வேண்டும். ஒரு பொய்யான பூவை வைத்ததால், ஒருத்தி பாடுபட்டு நட்ட நிஜமும் பொய்யாகிப்போனது. அந்தப் பாத்தி இருந்திருந்தால் யாரும் ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டாம்.

எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. குப்பைக் குழியில் நாற்று கிடப்பது தெரியும். காலையில் பார்த்தேன். மேலே வாடியிருந்தது, அடியில் ஈரம் இருந்தது. எடுத்துவந்து அவளை நடச் சொல்லலாம். ஆனால் சொல்லி, நட்டு, அத்தனையும் விழுந்துவிட்டால்? காலையிலிருந்து அவள் சாப்பிடவில்லை, மனசு உடைந்திருக்கிறது. மாமியார் கண் எதிரில் விழுந்தால் அதோடு எல்லாம் முடிந்தது. நடாமல் போனாலும் முடிந்ததுதான். டாக்டரம்மா இல்லை. இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை. சொந்த புத்தியில் தோன்றியது ஒன்றுதான். இது என் கை இல்லை, என் குழந்தையும் இல்லை. முடிவு பண்ண நான் யார்?

அவள் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டேன். "குழியில நாத்து கெடக்குது. துணி தொவைக்கிற கல்லாண்ட சேறு இருக்குது. விழுந்தாலும் விழும். எடுத்தாரட்டுமா, வேணாமா?"

அவள் குழந்தையைப் பார்த்தாள். "எடுத்தாக்கா" என்றாள்.

ஓடினேன். கூச்சம் அன்றைக்கு எங்கே போனது என்று தெரியவில்லை. குழிக்குள் இறங்கி வாரிக்கொண்டு வந்தேன். கல்லடியில் இரண்டு குடம் தண்ணீரைக் கவிழ்த்துக் காலால் மிதித்தேன். பலகையைப் போட்டேன். முழங்கையைத் தாங்கலாக வைத்தேன். அதோடு என் கையை இழுத்துக்கொண்டேன்.

முதல் நாற்று விழுந்தது. மாமியார் குழந்தையை இடுப்பில் ஏற்றிப் போட்டுக்கொண்டாள், போவதற்குத்தான். அடுத்ததும் மிதந்து வந்தது. கன்னியம்மாவின் மூக்கு நுனியிலிருந்து வியர்வை சேற்றில் சொட்டியது. அதற்கு அடுத்ததில், முந்தின நாள்வரை பார்த்த மாதிரியே, கட்டைவிரல் பிரிந்து வந்து நாற்றின் அடியைப் பிடித்தது. இறங்கியது. கையை எடுத்தாள். நாற்று நின்றது. சாய்ந்துதான், ஆனால் நின்றது.

கன்னியம்மா இன்னொன்று வைத்தாள்.

"இன்னா பொதைக்கிற!" என்று மேலேயிருந்து ஒரு அதட்டல். "பொணத்தையா பொதைக்கிற? மேலாக்க வை. இவ்ளோ ஆழம் வெச்சா எப்பிடித் தூரு கட்டிக் கெளைக்கும்?"

"வெரலு நிக்கலத்த."

"நிக்கலன்னா நிறுத்து. அடுத்தது நெருக்கி வைக்காத. தள்ளி. இன்னும் தள்ளி. ஆங்."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இரண்டு மாதமாக எல்லாரும் அவளிடம் பாவம் பாவம் என்று பேசியிருக்கிறோம். கழனியில் ஒருத்தி இன்னொருத்தியைத் திட்டுவதுபோல் அவளை அன்றைக்குத்தான் ஒருத்தர் திட்டினார்.

காரை அனுப்பிவிட்டு மேனேஜர் பின்னால் வந்தார். துவைக்கிற கல்லெல்லாம் சேறு. "இது ஆஸ்பத்திரியா, கழனியா? யாரைக் கேட்டு இத செஞ்ச?" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். நான் வாய் திறக்கும் முன் மாமியார் சொன்னாள்.

"கத்தாத சாமி. நேத்து வந்து எறங்கின செடிய எம்மருமவ தலையில கட்டப் பாத்தியே, அத்த மொதல்ல சொல்லு. உன் பேச்ச நம்பியிருந்தா இந்நேரம் இவள வுட்டுட்டுப் போயிருப்பேன்."

குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, கன்னியம்மாவின் வலது கையை எடுத்துத் தன் முந்தானையால் சேற்றைத் துடைத்தாள். ஒவ்வொரு விரலாக நீட்டிப் பார்த்தாள். "இத்தனி வந்துதுன்னா மிச்சமும் வரும். எழுந்திரு. வூட்டுக்குப் போலாம்" என்றாள்.

அன்றைக்கே கூட்டிப்போய்விட்டாள். சனிக்கிழமை வந்த டாக்டரம்மா அந்தச் செம்மண்ணைப் பார்த்தார். இன்னும் கொஞ்ச நாள் இங்கே இருந்திருந்தால் அந்தக் கை இன்னும் நன்றாக வந்திருக்கும் என்றார். உண்மைதான். ஆனால் இருக்க விட்டோமா? மேனேஜருக்கும் அவருக்கும் பெரிய வாக்குவாதம். கூடம் கட்டினார்கள், பெயர்க் கல்லும் வைத்தார்கள். சேற்றுப் பாத்தி திரும்ப வரவில்லை. டாக்டரம்மாவும் கொஞ்ச காலத்தில் வருவதை நிறுத்திவிட்டார். யாரும் அதற்காக வருத்தப்பட்டதாக எனக்குத் தெரியாது. இதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

அதற்குப் பிறகு நான் வேறு இடங்களில் வேலை பார்த்தேன். நோயாளி வைத்ததை நிமிர்த்தச் சொன்ன இடத்தில் எல்லாம், மாட்டேன் என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். மெதுவாகத்தான் சொல்வேன், ஆனால் சொல்வேன். நீங்களும் சொல்லுங்கள். படம் பிடிக்கிறவர் வந்தால் உடைந்த வாளியைப் பிடிக்கட்டும். அசிங்கம் என்றால் அவர் கண்ணை மூடிக்கொள்ளட்டும்.

இதில் சில விஷயங்களை யாராவது சரிபார்க்க வேண்டும். அது யுத்தம் முடிந்த வருடமா, அதற்கு முந்தினதா என்று எனக்கு நிச்சயமில்லை. ரோஜா என்று எழுதினேன், செம்பருத்தியாகவும் இருக்கலாம். கன்னியம்மா அந்த வருடம் வரப்பில் உட்கார்ந்து நாற்றை முடி முடியாகக் கட்டிக் கொடுத்தாள், மறு வருடம் வரிசையில் கடைசி ஆளாக இறங்கி நட்டாள் என்று அவள் மாமியார் பின்னொரு கிருத்திகைக்கு வந்தபோது என்னிடம் சொன்னாள். நான் நேரில் பார்த்ததில்லை. கனகம்மாசத்திரம் பக்கம் உங்களில் யாராவது போனால் விசாரியுங்கள், தப்பாக இருந்தால் திருத்துங்கள். கட்டைவிரல் இறங்கியதை மட்டும் யாரும் விசாரிக்க வேண்டாம். அதை நான் பார்த்தேன்.